மாதாவே, பாடு குடு

தேவமாதாவின் பிள்ளைகளே, வேலை தேடி நடந்து கால் ஓய்ந்து, கோவிலில் வந்து உட்கார்ந்தால் வாயில் செபம்கூட வராமல் இருக்கிறவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். இப்போது என் களைப்பெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

என் பெயர் லூர்து மேரி. ராயபுரத்துக்கு வடக்கே கடலோரக் குப்பம் எங்களுடையது. நைனா, என் அப்பா, கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அம்மா அந்தோணியம்மாள், கரைக்கு வரும் மீனைக் கூடையில் எடுத்து, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் விற்கிறவள். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான்தான். கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். பெருமை இல்லாமல் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

டிராம் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவை. துறைமுகத்துக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் ஆபீசில் எனக்கு டெலிபோன் போர்டில் வேலை. வெளியிலிருந்து ஒருவர் கூப்பிடுவார். யார் வேண்டும் என்று கேட்டு, கம்பியை எடுத்து அவருடைய துளையில் செருகுவேன். இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அவர்களுக்கு நினைவிருக்காது. அந்த வேலைக்குக் குரல் சுத்தமாக இருக்க வேண்டும். இன்னா, கீது, வூடு என்று எங்கள் குப்பத்தில் பேசுகிறதையெல்லாம் என் வாயிலிருந்து கழுவி எடுத்துவிட்டேன். வீட்டிலும் 'இருக்கிறது' என்றுதான் பேசுவேன். "எம்பொண்ணு பேசறது ரேடியோ பொட்டி மாரி கீது" என்று நைனா கட்டுமரக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். டெலிபோனில் நான் சொல்லும் 'ஹலோ'வை வைத்து, குப்பத்துப் பிள்ளைகள் எனக்கு 'அல்லோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் போனால் பின்னாலிருந்து "அல்லோ, அல்லோ" என்று கத்திவிட்டு ஓடும். எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

பொங்கல் கழிந்த மறுவாரம் கம்பெனியை மூடிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். என் கண் எதிரிலேயே ஒரு ஆள் போர்டின் கம்பிகளைப் பிடுங்கிக் கோணிப்பையில் போட்டான். பெரிய குமாஸ்தா, "நல்ல குரல் அம்மா உங்களுக்கு, வேறு இடம் கிடைக்காமலா போகும்" என்று சொல்லிவிட்டு, தன் குடையை எங்கே வைத்தோம் என்று தேடப் போய்விட்டார்.

அன்று டிராமில் ஏறவில்லை. துறைமுகத்து மதிலை ஒட்டியே நடந்து வந்தேன். வீட்டில் சொன்னபோது யாரும் அழவில்லை. நைனா அறுந்த வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, "சோறு துன்னியா?" என்று மட்டும் கேட்டாள். என் தங்கை சகாயம்தான் தன் பாடப் புத்தகத்தை மெல்ல மூடிப் பைக்குள் வைத்தாள். அவள் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். என் சம்பளத்தில்தான் அவள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

துன்பம் தனியாக வரவில்லை. மறுவாரமே அம்மா கரையில் வலைக்கயிறு தடுக்கி விழுந்தாள். கால் முட்டி பலாக்காய் போல வீங்கிவிட்டது. கூடை தூக்க முடியாது. நைனா சகாயத்தைப் பார்த்தார்.

"சின்னது தூக்கட்டும். வேற இன்னா பண்றது?"

"சகாயம் பள்ளிக்கூடம் போகட்டும், நைனா. கூடையை நான் தூக்குகிறேன்" என்றேன்.

நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கோபக்காரர் இல்லை. களைத்துப் போனவர். "ஈஸ்டர் வரிக்கும் பாக்கலாம். அதுக்குள்ள உனுக்கு வேல கெட்சா சரி. இல்லாங்காட்டி அவளயும் கூட இஸ்துகினு போ. ரெண்டு கூட தூக்குனா தான் வூட்ல ஒல கொதிக்கும்."

அந்தச் சனிக்கிழமையே மாதாவுக்கு நவநாள் தொடங்கினேன். ஒன்பது சனிக்கிழமை. ஒன்பதாவது, ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் வந்து விழும். அதற்குள் எனக்கு உத்தியோகம் வேண்டும். நான் மண்டியிட்டுக் கேட்டது இதுதான்: "தாயே, என் பழைய வேலைக்கு ஒப்பான வேலையை எனக்குத் தந்தருளும். என் தங்கையின் படிப்பைக் காத்தருளும்." நல்ல திருத்தமான தமிழில், ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டேன்.

அம்மா கேட்கிறது வேறு மாதிரி. அவள் எத்தனையோ வருஷமாக ஒரே ஒரு செபம்தான் சொல்கிறாள். கட்டுமரம் கடலில் இறங்கும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மாதாவே, பாடு குடு" என்பாள். எங்கள் கரையில் பாடு என்றால் வலையில் விழுகிற மீன். 'இன்னிக்கு நல்ல பாடு' என்றால் மீன் நிறைய. நான் பள்ளியில் படிக்கும்போது, கோவிலில் அவள் இதைச் சத்தமாகச் சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது. "அம்மா, சேசுநாதர் சிலுவையில் பட்டதற்குப் பெயர் பாடு. நீ 'எனக்குக் கஷ்டத்தைக் கொடு' என்று கேட்கிற மாதிரி இருக்கிறது" என்றேன்.

"அடிப் போடி. அவரு தோஸ்துங்க எல்லாம் மீன் புடிக்கறவங்க தான? நா இன்னா கேக்கறேன்னு அவருக்குத் தெரியாதா, அவுங்க அம்மாக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, இன்னும் சத்தமாகக் கேட்டாள்.

கூடை தூக்கிய முதல் நாளை நான் மறக்கமாட்டேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மாக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் எங்கள் வேதம் இல்லை, குப்பத்து அம்மன் கோவிலுக்குப் போகிறவள். "எங்க ஆத்தாளும் உங்க மாதாவும் ஒரே கரயில தான் குந்திகினு கீறாங்க" என்பாள். தலையில் சும்மாடு வைத்துக் கூடையை ஏற்றிவிட்டதும் மீன் தண்ணீர் பின்கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. வண்ணாரப்பேட்டையில் ஒரு தெரு முழுக்க வாய் திறக்காமல் நடந்தேன். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

"இன்னாம்மே அல்லோ, ஒவ்வொரு வூட்டுக்கும் போன் போட்டு சொல்லணுமா? கூவுடி!"

"எனக்கு வராது, அக்கா."

"இம்மாம் இங்கிலீசு வருது. மீனுன்னு ஒரு வார்த்த வராதா?"

தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூவினேன். "மீன் வேண்டுமா?" என்று வந்தது, போர்டில் பேசுகிற அதே குரல். மாடியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாரும்மா அது? மீன் விக்கறாங்களா, பரீச்ச வெக்கறாங்களா?" குப்பம்மாக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது. அன்று பாதி மீன் திரும்பி வந்தது.

அதற்குப் பின் எல்லா நாளும் ஒரே நாள் மாதிரிதான். காலையில் கூடை. மத்தியானம் சீயக்காயும் எலுமிச்சம்பழத் தோலும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்குவது. ஒரு இடத்தில் பெண்கள் வேண்டாம் என்றார்கள். ஒரு இடத்தில் மேனேஜர் என் இங்கிலீஷைக் கேட்டு முகம் மலர்ந்து, "வீடு எங்கே?" என்றார். குப்பத்தின் பெயரைச் சொன்னேன். பேனாவின் மூடியை எடுத்து மூடிவிட்டார். இன்னொரு இடத்தில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் மீன் வாடை போகாது. சாயங்காலம் கால் எரியும். படுத்தால் கழுத்து வலிக்கும். சகாயம் விளக்கெண்ணெய் எடுத்து என் கழுத்தில் தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டே வாய்க்குள் பாடத்தை ஒப்பிப்பாள். எனக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாக ஒப்பிப்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நடுவுக்கு வந்தது. கூவக் கற்றுக்கொண்டுவிட்டேன். கொருக்குப்பேட்டை ரயில் பாதை ஓரத்து வீடுகளில் என்னைத் தெரிந்துகொண்டார்கள். எந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், யாருக்கு இருமல், யார் வீட்டில் அடித்துக்கொண்டார்கள் என்றெல்லாம் வாசலில் உட்கார்ந்து சொல்லுவார்கள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். போர்டில் உட்கார்ந்து பழகினவளுக்குக் கேட்கத் தெரியும். இது மாதாவின் கையில் இருக்கிற வேலை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு கடல் கைவிட்டது. கட்டுமரங்கள் போயின, வெறுமனே திரும்பின. தண்ணீர் கெட்டுப் போச்சு என்றார் நைனா. கூடை காலியாக மூலையில் கிடந்தது. எட்டாவது சனிக்கிழமை கோவிலுக்குப் போனேன். பெரிய வெள்ளிக்கு முன் மாதா சுரூபம் முதல் எல்லாச் சிலைகளையும் ஊதாத் துணியால் மூடும் காலம் நெருங்கிவிட்டது. மண்டியிட்டேன். என் திருத்தமான செபத்தில் முதல் வார்த்தைகூட வரவில்லை. எழுந்திருக்கவும் பலம் இல்லை. அப்படியே முன்பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது என் அம்மாவின் குரல்தான்.

"மாதாவே, பாடு குடு."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரமும் மீன் வரவில்லை. அம்மாவின் முட்டி சிவந்து சூடாகிவிட்டது. ஒன்பதாவது சனிக்கிழமை, நவநாளின் கடைசி நாள், நானும் குப்பம்மாக்காவும் அவளைக் கை ரிக்‌ஷாவில் ஏற்றி, கன்னியாஸ்திரிகள் நடத்தும் தர்ம மருந்துச்சாலைக்குக் கொண்டு போனோம். தாழ்வாரம் முழுக்கக் குப்பத்துப் பெண்கள். மருந்து கொடுத்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி புதிதாக வந்தவர். பெயர் சிஸ்டர் அகத்தா. கடல் கடந்து வந்தவர். கப்பலில் வரும்போதே செபப் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்திருக்கிறார்.

"அம்மணி, நீர் எவ்விடத்தில் நோவு அநுபவிக்கிறீர்?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாடி சொல்லுது?"

"சாமியாரு பிரசங்கம் பண்றாப்ல பண்ணுது" என்றாள் குப்பம்மாக்கா.

அம்மா கும்பிட்டுவிட்டுத் தன் மனசில் இருந்ததைச் சொன்னாள். "முட்டி கெடக்குது வுடுங்க சிஸ்டர். பாடே இல்ல. ரெண்டு வாரமா எங்க வூட்ல பாடே இல்ல."

சிஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. கைகளைக் குவித்தார். "பாடு இல்லையா? சர்வேசுரனுக்குத் தோத்திரம்! இந்தப் பரிசுத்த காலத்தில் உமக்குப் பாடு இல்லாதது மாதாவின் விசேஷ கிருபை அல்லவா?"

குப்பம்மாக்காதான் முதலில் வெடித்தாள். "ஏம்மே, கேட்டீங்களா? அடுப்புல பூன தூங்குது, இந்தம்மா தோத்திரம் சொல்லுது!" பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். சிஸ்டர் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்தார். அது இன்னும் கெடுதலாகிவிட்டது.

அம்மா சத்தம் போடவில்லை. கன்னியாஸ்திரிகள் என்றால் அவளுக்கு மாதாவுக்கு அடுத்தபடி. சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த முட்டியோடு எழுந்தாள். கண்ணில் தண்ணீர். "வா லூர்து. நம்ம பட்டினிக்குத் தோத்திரம் சொல்ற எடத்துல நமக்கு மருந்து வேணாம்."

எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எவ்வளவோ வாரத்துக்குப் பின் வந்த சிரிப்பு. ஒருத்தி மீனைப் பற்றிப் பேசுகிறாள். ஒருத்தி சிலுவையைப் பற்றிப் பேசுகிறாள். தப்பான துளையில் கம்பியைச் செருகினால் இப்படித்தான் ஆகும். என்னையறியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். சிஸ்டரைப் பார்த்து இங்கிலீஷில், "தயவுசெய்து லைனிலேயே இருங்கள்" என்றேன். போர்டுப் பழக்கம். அந்த வார்த்தைதான் வாயில் வந்தது.

பிறகு அம்மா பக்கம் திரும்பினேன். "யம்மா, நீ குந்து. அதுக்கு நம்ம பாஷ தெரியல. பாடுன்னா சேசுநாதர் பட்ட பாடுன்னு நெனச்சிகினு கீது. நீ கஷ்டமே இல்லன்னு சொன்னதா நெனச்சி சந்தோசப்படுது."

அம்மா முட்டியையும் மறந்து என்னைப் பார்த்தாள். "இன்னாடி, நம்பள மாரியே பேசற?"

சிஸ்டருக்கு இங்கிலீஷில் விளக்கினேன். இந்தக் கரையில் பாடு என்றால் கடல் கொடுக்கும் மீன், இரண்டு வாரமாக மீன் இல்லை, இவர்கள் சாப்பிடவில்லை என்று. அவர் முகம் கழுத்து வரை சிவந்தது. சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தார். அது ஊதாத் துணியால் மூடியிருந்தது. "அப்படியானால் இவர்கள் ஆண்டவரிடம் தினமும் பாடு கேட்கிறார்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"தினமும், சிஸ்டர். சத்தமாக."

"மடத்தில் நாங்களும் பாடு கேட்கிறோம், சிலுவைப் பாடு. ஆனால் பயந்து பயந்து" என்றார்.

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "என்னை மன்னியும்" என்றார். அம்மா பதறிப் போனாள். "அய்ய, எழுந்திரு சிஸ்டர். தர கலீஜா கீது." குப்பம்மாக்காவும் இறங்கி வந்தாள். "சரி வுடு. பாஷ தெரியாம இம்மாம் தூரம் வந்து அதுவும் பேஜார்ல தான் கீது."

கட்டுப் போட்டு முடித்ததும் கிளம்பினோம். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போகாதே. மத்தியானம் வரைக்கும் என் பக்கத்தில் நில்" என்றார். இரண்டு வாரமாக மீனைத் தொடாமலும் என் கையில் தங்கியிருந்த மீன் வாடை அவர் கையிலும் ஒட்டியிருக்கும். அவர் கையை எடுக்கவில்லை.

நின்றேன். ஒரு சின்னப் பெண் வந்து, "முழுகாம கீறேன் சிஸ்டர்" என்றாள். பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தம். சிஸ்டரோ குளிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, கனிவோடு குழாயைக் காட்டினார். நான் குறுக்கே விழுந்து சொன்னேன். அன்று தாழ்வாரமே சிரித்தது. வயிற்று வலி, கண் வலி, தூங்காத குழந்தை என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நான் இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொன்னேன், அந்தப் பக்கம் கேட்டு இந்தப் பக்கம் சொன்னேன். கூட்டம் தீர்ந்து கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், நடுவில் நான் இருக்கிறேன். என் பழைய வேலைக்கு ஒப்பான வேலை என்று நவநாளில் என்ன கேட்டேனோ, அதை நவநாளின் கடைசி நாளில் மாதா கொடுத்துவிட்டாள். குழாயடியிலேயே மண்டியிட்டுவிட்டேன்.

மடத்துத் தாயாரிடம் சிஸ்டர் பேசினார். தினமும் வரச் சொன்னார்கள், சம்பளமும் கொடுத்தார்கள். ஆபீஸ் சம்பளம் இல்லைதான். மீன் மறுபடி வந்ததும் காலையில் கூடையும் தூக்கினேன், பிறகு மருந்துச்சாலைக்கும் போனேன். ஈஸ்டர் வந்தது. நைனா சகாயத்தைக் கூப்பிட்டு, "போ, போய்ப் படி" என்றார். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒப்பித்தாள்.

அதோடு எல்லாம் நலமாகிவிட்டது என்று எழுதினால் பொய். அம்மாவின் முட்டி முழுதாகக் குணமாகவில்லை. அவள் இப்போது கரையிலேயே உட்கார்ந்துதான் விற்கிறாள். மருந்துச்சாலையில் நான் பார்த்ததெல்லாம் சிரிப்பும் இல்லை. மழைக்காலத்தில் ஒருத்தி காய்ச்சல் கண்ட குழந்தையைத் தாமதமாகக் கொண்டுவந்தாள். சிஸ்டர் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் இருந்தது, புத்தகத் தமிழ் இருந்தது, எங்கள் குப்பத்துப் பேச்சும் இருந்தது. ஒன்றிலும் எனக்கு வார்த்தை வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குத்தான், வார்த்தையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது மட்டும் போதாது, வைத்தியமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். சிஸ்டரிடம் சொன்னேன். தங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

இங்கேதான் எனக்குச் சோதனை வந்தது. ஒரு நாள் டிராமில் பழைய பெரிய குமாஸ்தாவைப் பார்த்தேன். அதே குடை. "உங்களைத்தான் அம்மா தேடிக்கொண்டிருந்தேன். நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். போர்டுக்கு ஆள் வேண்டும். சம்பளமும் முன்னைவிட நல்ல சம்பளம். திங்கட்கிழமை வந்துவிடுங்கள்" என்றார்.

நான் ஒரு வருஷத்துக்கு முன் அழுது கேட்டது அப்படியே கையில் வந்து நிற்கிறது. மின்விசிறி, நாற்காலி, வெள்ளைச் சேலை, சுத்தமான நகம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவு களைத்திருந்தேன். டிராமை விட்டு இறங்கி நேராகக் கரைக்குப் போனேன். அம்மா பலகை மேல் உட்கார்ந்து, ஒரு அம்மாளுக்குச் சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"யம்மா, எனக்கு வேல போச்சே, அப்போ மாதா கிட்ட எனக்கோசரம் இன்னா கேட்ட? ஆபீசு வேலயா?"

"ஆபீசுல இன்னா கீதுன்னு எனக்கு இன்னாடி தெரியும்?" அம்மா தலை நிமிரவில்லை. "எப்பவும் கேக்கறது தான். எம்பொண்ணுக்கு ஒரு பாடு குடு மாதாவேன்னு கேட்டேன்."

மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னாடி? தப்பா கேட்டுட்டனா?"

"இல்லம்மா. சரியாத் தான் கேட்ட. அவுங்க ரெண்டயும் குடுத்துட்டாங்க."

"ரெண்டா? இன்னா ரெண்டு?" என்றாள் அம்மா. மீன் வாங்க வந்த அம்மாள் அவசரப்படுத்தினாள். அம்மா மறுபடி செதிலைச் சுரண்டத் தொடங்கினாள்.

வலையில் விழுகிற பாடு, சிலுவையில் படுகிற பாடு, இரண்டும் எனக்கு மருந்துச்சாலையில்தான் கிடைத்திருந்தன. நான் திங்கட்கிழமை அந்த ஆபீசுக்குப் போகவில்லை. நர்ஸ் படிப்பில் சேர்ந்து, தேறி, இப்போது பிரசவ வார்டில் வேலை செய்கிறேன். எங்கள் குப்பத்துப் பெண்கள் வந்தால், "நம்ம அல்லோ கீறா, பயப்படாத" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்கிறார்கள். நானும் வார்டில் அவர்கள் பேச்சைத்தான் பேசுகிறேன். சகாயம் இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறாள். கால் வீங்குகிறது, முதுகு வலிக்கிறது, சில நாள் சாப்பிடாமலே தூங்கிவிடுகிறேன். ஆனால் ஒரு குழந்தையின் முதல் அழுகை கேட்கும்போதெல்லாம், வலை நிறைந்து கரைக்கு வருகிறவர்களின் சத்தம் என் காதில் கேட்கிறது. என்னைக் கைவிடாத தாய்க்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? இதை எழுதத்தான் முடிகிறது.

வேலை போய் வீட்டில் இருக்கிற என் சகோதரியே, சகோதரனே, போய்க் கேளுங்கள். நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே கேளுங்கள். கேட்டது எந்த உருவத்தில் வரும் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

இன்றைக்கும் சனிக்கிழமை தோறும் அம்மாவை மெல்ல நடத்திக் கோவிலுக்குக் கூட்டிப் போகிறேன். அவளால் மண்டியிட முடியாது. முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மாதாவே, பாடு குடு" என்கிறாள். நான் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அதே சத்தத்தில், "ஆமென்" என்கிறேன்.